எண்ணுக்குப் பெயர் வைத்தவன்

மணி இரண்டடிக்க மூன்று நிமிடம் இருந்தது. சங்கரேஸ்வரி செல்போனை மேசை நடுவில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தொட்டால் கடித்துவிடும் என்று பயந்தவள் போல நின்றாள்.

"சரியா ரெண்டு மணிக்கு வரும் யக்கா. ஒரு நாள் தப்பாது."

யக்கா என்று அவள் அழைத்தது துப்பறியும் நிபுணர் குழல்வாய்மொழியை. பதினெட்டு வருடம் வங்கியில் மோசடிப் பிரிவில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கித் தென்காசியில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மாடியில் அலுவலகம் போட்டிருக்கும் பெண்மணி. குட்டையான உருவம், தடித்த கண்ணாடி. கூட வந்திருந்தவன் அவருடைய உதவியாளன் இத்ரீஸ். கடையநல்லூரில் 'இத்ரீஸ் மொபைல்ஸ்' என்று ஒரு கடை நடத்தி, அதை நல்லபடியாக இழுத்து மூடியவன். பெரிய மீசை வைத்திருந்தான். பயம் வந்தால் அவனுக்கு ஜோக்கும் கூடவே வரும். அன்று காலையிலிருந்து ஜோக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

"மழை நேரத்துக்கு வாரதில்ல, பஸ் நேரத்துக்கு வாரதில்ல. மிரட்டுதவன் மட்டும் எப்படி இவ்வளவு கரெக்டா வாரான்? ரயில்வேல வேலை பாத்திருப்பானோ?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. வெளியே குற்றாலச் சாரல் ஓட்டின் மேல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

மணி இரண்டு. சங்கரேஸ்வரி மெயிலைத் திறந்து, வேண்டாத மெயில்கள் போய் விழும் குப்பைப் பெட்டியைத் தொட்டாள். லாட்டரி விளம்பரத்துக்கும் முடி வளரும் தைலத்துக்கும் மேலே அது கிடந்தது. எட்டாவது மெயில். குழல்வாய்மொழி சத்தமாகப் படித்தார்.

"மஞ்சள் குடை. மீசைக்காரன் ஒருவன், கண்ணாடி போட்டவள் ஒருத்தி. இவர்களா உன்னைக் காப்பாற்றப் போகிறார்கள்? பிள்ளையின் யூனிபார்மைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாய். அதைப் போட்டுக்கொள்ளப் பிள்ளை வேண்டாமா? நாளை கோர்ட் படி ஏறாதே."

இத்ரீஸ் வாசலில் விரித்து வைத்திருந்த தன் மஞ்சள் குடையைப் பார்த்தான். அவர்கள் இந்த வீட்டுக்குள் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 

சங்கரேஸ்வரி ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருக்கிறாள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வெளியூருக்குப் பார்சல் அனுப்புவாள். அதற்காகக் கடைப் பலகையில் மெயில் முகவரியை எழுதி வைத்திருந்தது வினையாகப் போயிற்று. போன சீசனில் அவள் கடைக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார், அருவியில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்த பலவேசம் என்ற கிழவரை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. கார் எண்ணைப் போலீசுக்குச் சொன்னவள் இவள்தான். கார் 'சாரல் இல்லம்' லாட்ஜ் முதலாளி முத்துகுமரனுடையது. நாளை காலை பத்தரை மணிக்குத் தென்காசி கோர்ட்டில் இவள் சாட்சி சொல்ல வேண்டும். புருஷன் இல்லை. இருப்பது கோமதி என்று ஒரே பிள்ளை, மூன்றாம் வகுப்பு.

"அந்தா தெரியுது பாருங்க, அதான் அவன் லாட்ஜு" என்று சங்கரேஸ்வரி ஜன்னல் வழியே காட்டினாள். தெருவுக்கு எதிரே மூன்று மாடி. மேல் மாடி ஜன்னல்கள் எல்லாம் இந்த வீட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தன. ஒன்றில் திரைச்சீலை ஆடியது. இத்ரீஸ் சட்டென்று ஒதுங்கிச் சுவரோடு சாய்ந்துகொண்டான்.

ஒதுங்கினாலும் கை சும்மா இருக்கவில்லை. சங்கரேஸ்வரி காலையில் அலுவலகத்துக்கு வந்தபோதே அவள் மெயிலைத் தன் செல்போனிலும் திறந்து வைத்திருந்தான். மெயிலின் உள்பக்கத்தைப் பிரித்து, எந்த இன்டர்நெட் எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்தான்.

"கடைசி எண்ணு நாப்பத்தேழு. அதுக்குப் பேரு சாரல் இல்லம் மெயில். முந்தி வந்த மாதிரியேதான் மேடம். மிரட்டுத கடுதாசில லெட்டர்பேடு அடிச்சு அனுப்புதான், என்ன நெஞ்சழுத்தம்!"

"அந்தப் பேரை அவனா எழுதினான்?"

"பின்ன?"

குழல்வாய்மொழி மேசையில் இரண்டு பார்சல் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இன்டர்நெட்ல ரெண்டு புத்தகம் இருக்குன்னு வச்சுக்கோ. முதல் புத்தகத்துல பேரைத் தேடினா எண்ணு கிடைக்கும். அதைப் பேருக்குச் சொந்தக்காரன் எழுதுவான். ரெண்டாவது புத்தகம் தலைகீழ். எண்ணைத் தேடினா பேரு கிடைக்கும். இதைப் பேருக்காரன் தொட முடியாது, எண்ணுக்குச் சொந்தக்காரன்தான் எழுதணும். மெயில் வந்து சேரும்போது, வாங்குத கம்பெனி ரெண்டாவது புத்தகத்தைப் புரட்டி, அந்த நேரத்துக்கு என்ன பேரு இருக்கோ அதை உறை மேல குறிச்சு வச்சிரும். பேரே இல்லாத எண்ணுன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிரும்."

"நம்பரைப் போட்டா பேரு சொல்லுத ஆப் மாதிரி."

"அதேதான். இப்ப முதல் புத்தகத்தைக் கேளு. சாரல் இல்லத்துக்கு என்ன எண்ணு?"

இத்ரீஸ் தட்டிப் பார்த்தான். புருவம் ஏறியது. "பம்பாயில இருக்க ஏதோ ஒரு எண்ணைச் சொல்லுது மேடம். நாப்பத்தேழு இல்ல."

"ரெண்டு புத்தகமும் ஒத்துப்போகலை. அதான் மெயில் கம்பெனி சந்தேகப்பட்டுக் குப்பைப் பெட்டியில தள்ளுது."

"முதல் மெயிலு மட்டும் நேரா வந்துது யக்கா" என்றாள் சங்கரேஸ்வரி. "ஒரு வாரத்துக்கு முன்னால. பயத்துல அதை அழிச்சிட்டேன். உடனே தாணு அண்ணனுக்குப் போன் போட்டேன்."

"யாரு தாணு?"

"கேபிள் தாணுமாலயன். இப்ப தாணு நெட்டுன்னு வச்சிருக்காரு. நம்ம வீட்டு லைனும் அவருதுதான். கம்ப்யூட்டர் விஷயம்லா, அவரைத்தான் கேட்டேன். அன்னைக்கு சாயங்காலமே வந்து வாசல்லயும் பின்னாலயும் கேமரா மாட்டிக் குடுத்தாரு. சல்லிக்காசு வாங்கலை."

"கேமராவில யாரும் மாட்டலையா?" என்றான் இத்ரீஸ்.

"ஒரு குருவி மாட்டலை."

இத்ரீஸ் அந்த எண்ணின் வரிசை யாருடையது என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "நாப்பத்தேழும் தாணு நெட்டு எண்ணுதான் மேடம்! அப்ப வேலை லேசு. அதை யாருக்குக் குடுத்திருக்காருன்னு அண்ணாச்சியைக் கேட்டா முடிஞ்சுது."

குழல்வாய்மொழி எழுந்தார். அடுக்களை வழியாகப் பின்பக்கம் போனார். அங்கே கூரை மறைப்புக்கு அடியில், மழைக்கு ஒதுக்கிக் கட்டிய கொடியில், நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தொங்கின. அவர் சட்டைக்குப் பக்கத்தில் நின்று லாட்ஜ் இருக்கும் திசையைப் பார்த்தார்; நடுவில் வீடு நின்று லாட்ஜை மறைத்தது. அப்புறம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"சங்கரேஸ்வரி, காரை ஓட்டினது முத்துகுமரன்னு நீ பாத்தியா?"

"இல்லியே யக்கா. முத்துகுமரன் குதிரு மாதிரி இருப்பாரு. இறங்கி நின்னு பாத்துட்டு ஏறிப் போனவன் ஒல்லி ஆளு. மழைக் கோட்டு, முகம் தெரியலை. கார் நம்பரைத்தான் போலீசு கேட்டுது. கேட்டதுக்குச் சொன்னேன். நாளைக்குக் கோர்ட்டுல இதையும் சொல்லணும்."

"கோமதி எங்கே?"

"தாணு அண்ணன் வீட்டுல. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பயமா இருந்துது. அவரு சம்சாரம் தங்கமான பொம்பளை. எங்கன இருந்தாலும் அங்கனதான் பிள்ளைக்குப் பத்திரம்னு அவரே வந்து கூட்டிட்டுப் போனாரு."

குழல்வாய்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"இத்ரீஸ், வண்டியை எடு" என்றார்.

ஸ்கூட்டர் மேலகரத்தைத் தாண்டியது. குழல்வாய்மொழி பின்னால் உட்கார்ந்து மஞ்சள் குடையை இருவருக்கும் சேர்த்துப் பிடித்திருந்தார். குடை இத்ரீஸின் தலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்துக்கும் நிழல் கொடுத்தது.

"காரை ஓட்டாதவனுக்குத் தான் ஓட்டலைன்னு தெரியும்லா?" என்றார் திடீரென்று.

"ஆமா."

"அப்ப முத்துகுமரனுக்குச் சாட்சி வந்தாத்தானே லாபம்? அவன் எதுக்கு மிரட்டணும்?"

 ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அந்த முதல் மெயிலை அழிச்சாலும் முப்பது நாள்வரை உள்ளேதான் கிடக்கும். நான் தாணுகிட்ட பேசிக்கிட்டு இருக்கையில நீ அதைத் தேடு. தேடுதது தெரியக் கூடாது. எது தெரிஞ்சாலும் மூஞ்சியில காட்டாதே."

"மேடம், எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் குழல்வாய்மொழி. அவரிடம் பத்து வருடமாக வேலை பார்க்கும் இத்ரீஸ் அந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்டான். அதற்கப்புறம்தான் அவனுக்கு நிஜமான பயம் வந்தது.

தாணு நெட் அலுவலகம் தென்காசிக் கோபுரம் தெரிகிற தெரு ஒன்றின் கடைசியில் இருந்தது. கீழே அலுவலகம், மேலே வீடு. தாணுமாலயன் எழுந்து வந்து வரவேற்றார். நாற்பது வயதுக்காரர், கொடிக்கம்பு உடம்பு, நெற்றியில் திருநீறு. எல்லா வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையாக நுழைந்து பழகிய கேபிள்காரரின் சிரிப்பு.

"வாங்க மேடம். தம்பி கடையநல்லூர் இத்ரீஸ் மொபைல்ஸ்லா? பாவம் சங்கரேஸ்வரி, நினைச்சாலே மனசு கேக்க மாட்டேங்கு. உக்காருங்க. ரவி, ரெண்டு டீ சொல்லு!"

சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு எண், எதிரே ஒரு பெயர். கொடுக்காப்புளி வீடு. மொட்டைக் கிணறு. பச்சைக் கேட் வாத்தியார். நாய் ரெண்டு உள்ள வீடு.

"இதென்ன அண்ணாச்சி, அட்ரஸா, விடுகதையா?" என்றான் இத்ரீஸ்.

தாணு வாய்விட்டுச் சிரித்தார். "கதவு நம்பரைச் சொன்னா நம்ம லைன்மேன்களுக்கு ஒண்ணும் விளங்காது தம்பி. மரத்தைச் சொல்லு, கொட்டுத மழையிலயும் போய் நிப்பான். கேபிள் காலத்துல இருந்து இதே பழக்கம்தான். பில்லுலயும் இதான், கம்ப்யூட்டர்லயும் இதான்."

இத்ரீஸ் சோபாவில் உட்கார்ந்து செல்போனை மடியில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தான். குழல்வாய்மொழி விஷயத்துக்கு வந்தார்.

"நாப்பத்தேழுங்குத எண்ணு யாருகிட்ட இருக்கு?"

"அதான் தலைகீழாத் தேடினாலே சொல்லுதே மேடம், சாரல் இல்லம்னு. முத்துகுமரன் லாட்ஜுக்கு நான் குடுத்த எண்ணு அது."

"அந்தப் பேரை எழுதினது நீங்கதானா?"

"சே சே, அதுல எங்க கை கிடையாது. லாட்ஜ்காரங்களே எழுதிக்கிட்டாங்க. எண்ணைக் குடுக்கதோட நம்ம வேலை முடிஞ்சுது."

இத்ரீஸின் விரல் அப்படியே நின்றது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு பார்சல் அட்டைகளை வைத்து மேடம் நடத்திய பாடம் காதுக்குள் கேட்டது. பேருக்காரன் தொட முடியாது, எண்ணுக்குச் சொந்தக்காரன்தான் எழுதணும். இது தாணுவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே பொய் சொல்கிறார்.

அப்போது பார்த்து மடியில் அந்த அழிக்கப்பட்ட மெயில் திறந்துகொண்டது. முதல் மெயில். ஒரே வரி. 'நீ பார்த்தது உனக்குள் இருக்கட்டும்.' அவன் அதன் உள்பக்கத்தைப் பிரித்தான். எண் அதே நாற்பத்தேழுதான். உறை மேல் மெயில் கம்பெனி அன்றைக்குக் குறித்து வைத்திருந்த பெயர் மட்டும் வேறு.

வாகைமரம் மாடி. தாணு நெட்.

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். அலுவலக வாசலுக்கு வெளியே, மழையில் நனைந்துகொண்டு, பெரிய வாகைமரம் ஒன்று நின்றது. அதன் கிளை ஒன்று இந்தக் கட்டடத்தின் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்லும் குரல் கேட்டது. ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏழொன்பது அறுபத்துமூணு.

இத்ரீஸுக்கு எழுந்து ஓட வேண்டும், கத்த வேண்டும், படியேறிப் பிள்ளையைத் தூக்க வேண்டும். எதையும் செய்யக் கூடாது. அவன் செல்போனைச் சாய்த்து மேடத்தின் கண்ணுக்குக் காட்டினான். அவர் ஒரு நொடி பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஆனா தாணு சார், இதெல்லாம் இனிமே வேண்டாத பேச்சு. நாங்க வந்ததே அதைச் சொல்லத்தான். சங்கரேஸ்வரி கோர்ட்டுக்குப் போகலை."

தாணு நிமிர்ந்தார். "போகலையா?"

"ரெண்டு மணி மெயிலைப் பாத்ததும் அழுது தீத்துட்டா. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ராயகிரிக்கு அம்மா வீட்டுக்குப் போறாளாம். ஐஞ்சு மணி பஸ்ஸு. பிள்ளையை வாங்கிட்டு வரச் சொன்னா. நாங்களும் கேஸை விட்டாச்சு."

தாணுவின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. அவ்வளவு பெரிய நிம்மதியை மறைக்க அவருக்குச் சாமர்த்தியம் போதவில்லை. "நல்ல முடிவு மேடம். பொம்பளைப் பிள்ளையை வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு?" என்றார். ஆனால் மாடிக்குக் குரல் கொடுக்கவில்லை. செல்போனை எடுத்துக் கட்டைவிரலால் எதையோ திறந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி பதித்த அலமாரி. அந்தக் கண்ணாடியில் செல்போன் திரை தெரிந்தது. சங்கரேஸ்வரியின் வாசல். காலியான வாசல். பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை. ஊருக்குக் கிளம்பும் வீடு மாதிரியே இல்லை.

இத்ரீஸ் பார்த்ததை மேடமும் பார்த்திருக்க வேண்டும். அவர் தன் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சங்கரேஸ்வரி, தாணு சார்கிட்ட சொல்லிட்டோம்மா. கோர்ட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ராயகிரிக்குப் போயிருதேன்னு அழுதேல்லா, அதை அப்படியே சொல்லிட்டோம். கட்டின பெட்டியை வாசல்ல எடுத்து வச்சிரு. பிள்ளையோட வாரோம்."

மறுமுனையில் சத்தமே இல்லை. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் 'என்ன யக்கா சொல்லுதிய?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது. இத்ரீஸ் தனக்குத் தெரிந்த துஆ அனைத்தையும் ஒரே மூச்சில் ஓதினான்.

"வச்சிருதேன் யக்கா." குரல் உடைந்திருந்தது. "கோமதியோட செவப்பு ஸ்வெட்டர் அங்கன கிடக்கும். மறக்காம எடுத்துட்டு வாங்க. ராயகிரி பஸ்ஸுல குளிரும்."

கண்ணாடிக்குள் கதவு திறந்தது. சங்கரேஸ்வரி ஒரு பழைய பெட்டியைத் தூக்கிவந்து வாசல்படியில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தாணு செல்போனைப் பைக்குள் போட்டார்.

"உமா! பிள்ளையைக் கீழே கூட்டிட்டு வா."

அவர் மனைவி உமா மகேஸ்வரி கோமதியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைக்குத் தலை சீவிப் பூ வைத்துவிட்டிருந்தாள். கோமதிக்கு பென்சில் டப்பாவைக் காணோம். தேடினார்கள். டப்பா கிடைத்தது, மூடியைக் காணோம். இத்ரீஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மழையா இருக்கே" என்றார் தாணு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டே. "நானே கார்ல கொண்டு விடுதேன்."

"ஐயோ அண்ணாச்சி, வேண்டாம்!" என்றான் இத்ரீஸ். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. "மேடம் கார்ல ஏறினா வாந்தி எடுப்பாங்க. போன மாசம் ஒரு தாசில்தார் ஜீப்பே நாசம். கழுவினது நான். இன்னும் கையில நாத்தம் போகலை, மோந்து பாக்கிதியளா?"

தாணு சிரித்தார். கோமதியின் தலையில் கையை வைத்து, "ஆச்சி வீட்டுல சமத்தா இருக்கணும், என்ன?" என்றார். அந்தக் கை அங்கிருந்து எடுபடும்வரை இத்ரீஸ் மூச்சு விடவில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைத் துளைக்குள் நுழைக்க அவனுக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. நடுவில் பிள்ளை, பின்னால் மேடம். தெருமுனை திரும்பியதும் குழல்வாய்மொழி அந்த வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். காரை ஓட்டிய ஒல்லி ஆள் தாணுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். லாட்ஜுக்கு லைன் இழுக்கப் போனவருக்கு, வரவேற்பறையில் கிடக்கும் கார்ச் சாவியை எடுப்பது பெரிய காரியமா என்று கேட்டார். போன சீசனில் அந்த வேலை நடந்த தேதியைத் தாணு நெட் பில்லில் பார்க்கச் சொன்னார். மழைச் சத்தத்தில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க ஏன் மாமா நடுங்குதிய?" என்று கேட்டாள் கோமதி.

"குளிருதும்மா."

"எனக்குக் குளிரலையே."

"உனக்கு ஸ்வெட்டர் இருக்குல்லா" என்றான் இத்ரீஸ்.

வீட்டில் சங்கரேஸ்வரி பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. பூ கசங்குகிறது என்று கோமதி முறையிட்டாள். குழல்வாய்மொழி நடந்ததைச் சொன்னபோது அந்தத் தாய் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாகத் தன் கையாலேயே பிள்ளையை யாரிடம் ஒப்படைத்திருந்தோம் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இத்ரீஸ் வெளியே போய் வாசல் கேமரா மேல் தன் மஞ்சள் குடையைக் கவிழ்த்து மாட்டினான்.

பத்து நிமிடம் ஆகவில்லை. இத்ரீஸ் சும்மா ஒருதரம் குப்பைப் பெட்டியைத் திறந்தான். ஒன்பதாவது மெயில் கிடந்தது.

'நீ பஸ் ஏறப் போவதில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.'

அவன் உள்பக்கத்தைப் பிரித்தான். பிரித்தவன் செல்போனைக் கீழே போட்டுவிட்டான்.

"மேடம், எண்ணு அதே நாப்பத்தேழுதான். பேரு..." கீழே கிடந்த செல்போனைக் கை காட்டினான். "பேரு இத்ரீஸ் மொபைல்ஸ், கடையநல்லூர்னு இருக்கு. நான் அனுப்பின மாதிரி எழுதிட்டான். எம் பேரைப் போட்டுட்டான் மேடம்!"

குழல்வாய்மொழி செல்போனை எடுத்துப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஒரு வாரத்துக்கு முன்னால வாகைமரம் மாடி. சங்கரேஸ்வரி போன் பண்ணி விஷயத்தைச் சொன்னதும் சாரல் இல்லம். இப்ப நீ. ஒரே எண்ணுக்கு மூணு பேரு, மூணையும் தேதியோட மெயில் கம்பெனி உறை மேல குறிச்சு வச்சிருக்கு. அந்தப் புத்தகத்துல எழுத முடிஞ்சவன் ஒருத்தன்தான். அதுல எங்க கை கிடையாதுன்னு நம்ம முன்னால சொன்னவனும் அவன்தான். அவசரத்துல அவனே ஒத்துக்கிட்டான், இத்ரீஸ்."

"ஆளு இன்னும் வெளியதானே மேடம் இருக்கான்?"

"இன்ஸ்பெக்டர் கிளம்பியாச்சு. போய்ச் சேந்தாரான்னு தெரியலை."

 எதிர் லாட்ஜ் ஜன்னலில் அந்தத் திரைச்சீலை மறுபடி ஆடியது. வெறும் காற்றுதான் என்று தெரிந்தும் இத்ரீஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

சங்கரேஸ்வரி எழுந்தாள். கோமதியைக் குழல்வாய்மொழியின் மடியில் உட்காரவைத்தாள். அடுக்களை வழியாகப் பின்பக்கம் போனாள். அங்கே கூரைக்கு அடியில் இன்னொரு கேமரா சின்னச் சிவப்பு வெளிச்சத்தோடு விழித்துக்கொண்டிருந்தது. வாசல் கேமராவோடு காரியம் முடிந்ததென்று நினைத்து இத்ரீஸ் அதை மறந்தே போயிருந்தான். பதறிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"வேண்டாம் யக்கா, அவன் பாத்துக்கிட்டு இருக்கான்!"

"பாக்கட்டும்."

அவள் கேமராவுக்கு நேர் எதிரே நின்று கொடியிலிருந்து நீலப் பாவாடையையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்தாள். உதறினாள். அவசரப்படாமல் மடித்தாள். அப்புறம் அண்ணாந்து அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம் காயலை. தேய்ச்சா சரியாப் போகும்" என்றாள் இத்ரீஸிடம். "காலையில ஒன்பது மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விடணும். அங்கன இருந்து கோர்ட்டுக்குப் பத்தரைக்குள்ள போயிரலாம்லா தம்பி?"

இத்ரீஸுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. "போயிரலாம் யக்கா. நான் கூட வாரேன்" என்றான். அவன் உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியைத் தேடி எடுத்து பிளக்கைச் சொருகினான்.